வளையல் கடையில் பேராசிரியை

சேந்தமங்கலம் சந்தைக்குள் பேராசிரியை அம்மா கால் வைத்ததுமே புகையிலைக்காரர் தம் சாக்கை இழுத்து மூடிய காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நாட்டின் சில்லறை வியாபாரம் எப்படி நடக்கிறது, ஒரு பொருள் யார் யார் கை மாறி வாங்குபவரிடம் வந்து சேருகிறது என்று படித்தவர்கள் சிலர் ஊர் ஊராக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சென்னையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த அம்மாவின் பங்குக்குச் சேலம் ஜில்லாச் சந்தைகள் வந்திருந்தன. நான் அவரிடம் படித்தவள், நாமக்கல்காரி. எங்கள் பக்கத்துப் பேச்சு தெரியும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

பேச்சு தெரிந்து என்ன பயன்? போன சந்தைகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஏனுங்க, வரி போட வந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை மென்றபடி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சந்தை சந்தையாக அலைவது பெண்பிள்ளைக்கு ஆகிற காரியமா என்று கல்லூரியில் சிலர் கேட்டது அம்மாவின் மனத்தில் முள்ளாக இருந்தது. "இங்கேயும் இப்படியே போனால் வெறுங்கையோடுதான் ரயிலேற வேண்டும்" என்றார்.

அன்று எங்களோடு முகம் கொடுத்துப் பேசியவள், வளையல் விற்ற நிறைமாதக்காரி ஒருத்திதான். பேசிக்கொண்டிருக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து, சந்தைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவளோ எழ மறுத்தாள்.

"கடைய உட்டுப்போட்டு எப்படீங்க வாரது?"

"நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போம்மா" என்றார் பேராசிரியை அம்மா. சொன்னதோடு, மடிப்புக் கலையாத சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வளையல்களுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தும்விட்டார்.

பிறகு, வகுப்பில் பேசும் அதே குரலில், "வாருங்கள்! அழகிய வளையல்கள் இருக்கின்றன! வாங்கிச் செல்லுங்கள்!" என்று கூவினார். சந்தையே வெடித்துச் சிரித்தது. சிரிப்பைக் கேட்டு ஜனம் கூடிற்று. முதலில் வந்த மலைக்காரப் பெண்ணுக்கு வளையல் ஏற்றத் தெரியாமல் இரண்டை உடைத்துவிட்டுத் திகைத்தார். அந்தப் பெண்ணே சிரித்துக்கொண்டு தானாகப் போட்டுக்கொண்டு, தங்கைக்கும் ஒரு ஜோடி வாங்கிப் போனாள். அடுத்தவள் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியபோது, எதிரே இருந்த புகையிலைக்காரர் எட்டிப் பார்த்து, "அம்மிணி, பாதிக்குப் பாதி கேப்பாங்க, அசராதீங்க!" என்று கத்தினார். அம்மா அசரவில்லை. பேரம் பேசும்போது அவர் முகத்தில் தெரிந்த ஆனந்தத்தை நான் எந்த வகுப்பிலும் கண்டதில்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் மருத்துவச்சி மூச்சிரைக்க வந்தாள். "பொட்டப்புள்ளைங்கோ! தாயும் புள்ளையும் சொகமுங்கோ!"

சந்தை ஆரவாரித்தது. வெல்லக்காரர் எல்லார் கையிலும் ஒரு துண்டு வெல்லம் வைத்தார். அதன்பின் நாங்கள் யாரையும் தேடிப் போகவில்லை. "என்னைய மொதல்ல கேளுங்க" என்று புகையிலைக்காரரும் உப்புக்காரியும் சண்டையே போட்டுக்கொண்டார்கள். எழுதி எழுதி என் விரல் மரத்துப்போயிற்று. இப்போது யாராவது மேடையில் வியாபாரம், பொருளாதாரம் என்று பேசினால், எனக்கு அந்த வெல்லத்தின் ருசிதான் நாக்கில் ஊறுகிறது.

மறுநாள் காலையில் குழந்தையைப் பார்க்கப் போனோம். விற்ற காசை முந்தானையில் முடிந்துகொண்டவளிடம், முந்தின நாள் கேட்காமல் விட்ட கேள்வியை அம்மா கேட்டார்: "இந்தத் தொழில் உனக்குப் பிடித்திருக்கிறதா?"

அவள் சிரித்தாள். "நேத்து நீங்களுந்தான் ஒக்காந்தீங்க. நீங்களே சொல்லுங்க சாமி."

அம்மா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார்.

"எழுந்திருக்கவே மனம் வரவில்லை" என்றார்.