வண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது

எங்கள் ஊர்ப் பக்கம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் தனியாக வீடு வந்து சேர விடமாட்டார்கள். யாராவது ஒருத்தர் வண்டி எடுத்துக்கொண்டு மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போயாக வேண்டும். காரைக்காலிலிருந்து போய்த் திரும்ப ஒரு முழு நாள் போய்விடும், ஆனாலும் போவார்கள். பஸ்ஸில் பெட்டியோடு வந்து இறங்கினால், "ஏன், வீட்டுல ஆளு யாரும் இல்லியா?" என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். அதனால்தான் எங்கள் விவாகரத்து முடிய வேண்டிய நாளிலும் என்னை அழைத்துப்போக என் புருஷனே வந்தார்.

சிரிக்காதீர்கள். வேறு ஆள் இல்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். எங்கள் ஊர் சுரக்குடியில் அம்மா யார் யாரையோ யோசித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவருக்கே போன் போட்டிருக்கிறாள். அவரும், "நானும் கோர்ட்டுக்குப் போகணும்ல அத்தை, அப்படியே கூட்டிட்டு வந்துடுறேன்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு வேலையும் ஒரே நடையில் முடிந்தால் பெட்ரோல் மிச்சம். அந்த மனுஷனை எனக்குத் தெரியாதா?

நான் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். அவருக்குக் காரைக்காலில் உரக்கடை. கல்யாணமான புதிதில் குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்புறம் அவர் தன் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போனார், நான் மஸ்கட்டுக்குப் போனேன். பெரிய சண்டை எதுவும் கிடையாது. குடி கிடையாது, இன்னொரு பெண் கிடையாது. போன் பேச்சு குறைந்துகொண்டே போய், சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதில் வந்து நின்றது. ஒருநாள் நானே, "இப்படியே எத்தனை நாளைக்குங்க? பேசாம பிரிஞ்சிடலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர், "உன் இஷ்டம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே ஏதோ மரத்துப்போனது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் யாருக்கோ நடக்கிற மாதிரிதான் இருந்தது.

கடைசியாகச் சேர்ந்து குடியிருந்தது மெட்ராஸ் என்பதால் கேஸை அங்கேயே போடலாம் என்றார் வக்கீல். ஊருக்குத் தெரியாமல் முடியும் என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம். போன லீவில் வந்து மனுவில் கையெழுத்துப் போட்டாயிற்று. இந்தத் தடவை ஜட்ஜ் முன்னால் நின்று, மனசு மாறவில்லை என்று இரண்டு பேரும் சொன்னால் முடிந்தது. ஒருத்தர் மாறிவிட்டது என்று சொன்னாலும் விஷயம் அங்கேயே நின்றுவிடும் என்றும் வக்கீல் சொல்லியிருந்தார்.

விமானத்தில் வரும்போது நான் ஒரு முடிவு பண்ணினேன். யாரிடமும் சொல்லவில்லை. அவர் ஏர்போர்ட் வாசலில் நின்றால், கோர்ட்டில் மனசு மாறிவிட்டது என்று சொல்லிவிடுவது. நிற்கவில்லை என்றால் இல்லை.

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் எனக்காக அந்த வாசலில் நின்றதில்லை. ஏர்போர்ட்டுக்குள் வண்டியைக் கொண்டுபோவது வெட்டித் தண்டம் என்பது அவர் கட்சி. வாசல் ஓரம் நிறுத்தினால் விசில் ஊதி விரட்டுவார்கள். பார்க்கிங் கட்டடத்தில் விட்டால் டோக்கன். விமானம் லேட், பெட்டி லேட் என்று நிமிஷம் ஓட ஓடக் காசு ஏறிக்கொண்டே போகும். குரோம்பேட்டையில் இருந்தபோதே அவர் ஓர் இடம் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஏர்போர்ட்டுக்கு நேர் எதிரே, மெயின் ரோட்டைத் தாண்டி, திரிசூலம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு காலி மனை. மனைக்காரம்மா அதில் நாள் வாடகைக்கு வண்டி விட இடம் கொடுப்பார். சொற்பக் காசுதான். நான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி அங்கே போய்ச் சேர வேண்டும். அவர் வண்டியிலேயே சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

முதல் தடவை லீவில் வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுற்றிலும் ரோஜா மாலையும் பலூனுமாகக் குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள், எனக்கு மட்டும் போன் வருகிறது. வண்டியில் ஏறியதும், "வாசல்ல வந்து நின்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டேன். "வாசல்ல நின்னா ஃபிளைட் சீக்கிரம் வந்துடுமா? உன்ன அங்க பாத்தா என்ன, இங்க பாத்தா என்ன?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய அன்றைக்குக் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரைக்கும் பார்த்துவிட்டு, தூணுக்குப் பின்னால் இருப்பாரோ என்று தூண் பக்கமும் போய்ப் பார்த்தேன். போன் அடித்தது.

"வெளிய வந்துட்டியா? சப்வேல இறங்கி வந்துடு. வண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குது."

"சரி" என்றேன். கோபம்கூட வரவில்லை. சரி, கிடக்கிறது கழுதை என்று பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

மனையில் அதே வேப்பமரம், அதே நீலத் தார்ப்பாய். மனைக்காரம்மா பல் தேய்த்துக்கொண்டே வந்தார். "வா கண்ணு. இன்னா, இந்தத் தபா ரொம்ப எளச்சிட்ட? தம்பி, உன் வீட்டுக்காரிக்கு நல்லா ஆக்கிப் போடு, இன்னா?" வண்டியில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அங்கேயே குழாயில் முகம் கழுவி, காருக்குள் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டேன். அவர் பெட்டியை டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு, "கோர்ட்டுப் பக்கம் வண்டிய எடுத்துட்டுப் போறவன் முட்டாள். நிறுத்த இடம் தேடியே பொழுது போயிடும். டிரெயின்ல போயிடலாம்" என்றார். ஸ்டேஷனில் இரண்டு டிக்கெட் எடுத்தார். திரும்பி வருவதற்கும் சேர்த்தே எடுத்துவிட்டார். சாயங்காலம் கியூவில் நிற்க வேண்டாமாம்.

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து ரோட்டில் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன, நாங்கள் காற்று வாங்கிக்கொண்டு போனோம். கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் கோர்ட் நடக்கிற தூரம்தான். வழியில் ஒரு கடையில் நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தேங்காய்ச் சட்னி ஆகாது என்று, கேட்காமலே காரச் சட்னியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

கோர்ட்டில் எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது ஜட்ஜ் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து முதலில் என்னைக் கேட்டார்.

"நல்லா யோசிச்சுட்டீங்களாம்மா? மனசு மாறலியா?"

"மாறலீங்கம்மா."

அடுத்து அவரைக் கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த கேஸ் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ சொன்னதுதாங்கம்மா" என்றார்.

"அவங்க சொன்னது இருக்கட்டும். நீங்க உங்க வாயால சொல்லுங்க."

"இல்லீங்கம்மா. மாறல."

அவ்வளவுதான். ரேஷன் கடையில் நிற்கிற நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் வக்கீல் இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். எதற்குக் கை கொடுத்தார் என்று இன்றைக்குவரைக்கும் எனக்குத் தெரியாது.

காலையில் வாங்கிய டிக்கெட்டிலேயே திரும்பினோம். மனைக்காரம்மா, "போன காரியம் முடிஞ்சிதா?" என்று கேட்டார். "முடிஞ்சுதுக்கா" என்றார் அவர். "நல்லபடியா முடிஞ்சிதா?" அவர் பர்ஸை எடுத்து வாடகையைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். நான் காரின் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நின்றேன். எதில் ஏறுவது என்று நிஜமாகவே தெரியவில்லை. அவர் உள்ளேயிருந்தபடியே கையை நீட்டி முன்கதவைத் திறந்துவிட்டார். ஏறிக்கொண்டேன்.

திண்டிவனம் தாண்டி டீ குடித்தோம். சிதம்பரம் பக்கம் நான் தூங்கிவிட்டேன். நல்ல தூக்கம். புருஷனை விட்டுவிட்டு வந்த அன்றைக்கே, அதுவும் அவர் வண்டியிலேயே ஒருத்தி இப்படித் தூங்குவாளா என்று அப்புறம் எனக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டில் அம்மா வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தாள். அவர் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். "அதெப்படி மாப்ள? ஏர்போர்ட்டுலேருந்து கூட்டிட்டு வந்தவங்கள சாப்பிடாம அனுப்புவாங்களா? கை கழுவிட்டு வாங்க" என்றாள் அம்மா. மாப்பிள்ளை என்றதும் அப்பா கறுப்புக் கண்ணாடிக்குள் என்ன பண்ணினாரோ, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கை கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு போட நான்தான் போனேன். "போதும்" என்று கையை இலைக்கு மேலே காட்டினார்.

லீவு முடிந்து நான் திரும்ப வேண்டிய நாளில் டாக்ஸி பிடித்துக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். அம்மா கேட்கவில்லை. அவரும் விடியற்காலையிலேயே வந்து வாசலில் ஹாரன் அடித்துவிட்டார். வழக்கம்போல் டேங்க் நிறைய எங்கள் ஊர்ப் பெட்ரோல். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் விலை கூடுதல் என்று நம் மனுஷர் வழியில் ஒரு சொட்டுப் போடமாட்டார்.

எல்லையில், நண்டலாறு செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். காரைக்கால் நம்பர் வண்டி என்றால் பாட்டில் கடத்துகிறோமோ என்று டிக்கியைத் திறந்து பார்ப்பது வழக்கம்தான். போலீஸ்காரர் என் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடி வழியே குனிந்தார்.

"யாருங்க இவங்க?"

ஒவ்வொரு தடவையும் இதே கேள்விக்கு அவர், "வொய்ஃப் சார், மஸ்கட்டுக்குப் போறாங்க" என்று பெருமையாகவே சொல்வார். இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"தெரிஞ்சவங்க சார். ஊருக்காரங்க."

போலீஸ்காரர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாற்று நட்டிருந்தார்கள்.

ஏர்போர்ட் நெருங்கியபோது அந்த மனைக்குத் திரும்புகிற இடத்தில் அவர் இண்டிகேட்டர் போடவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, "ஏங்க, திரும்பலியா?" என்றேன். அவர் நேராக ஏர்போர்ட்டுக்குள் விட்டார். பார்க்கிங் கட்டடத்தின் வாசலில் கண்ணாடியை இறக்கி டோக்கனை வாங்கி, மேலே ஏற்றினார்.

"இங்க விட்டா காசு ஏறுமேங்க" என்றேன். யார் பாட்டை யார் பாடுகிறது பாருங்கள்.

"ஏறட்டும்" என்றார்.

பெட்டியை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். லிஃப்டில் இறங்கி, துப்பாக்கிக்காரர் டிக்கெட் பார்க்கிற வாசல்வரைக்கும் வந்தார். "மாத்திரையெல்லாம் கைப்பையில வச்சிருக்கியா? போய்ச் சேந்ததும் அத்தைக்குப் போன் பண்ணிடு" என்றார். தனக்குப் பண்ணச் சொல்லவில்லை. நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பெட்டியைப் போட்டு, போர்டிங் பாஸ் வாங்கி முடித்த பிறகுதான் தற்செயலாகத் திரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். வழியனுப்ப வந்த கூட்டத்தோடு கூட்டமாக, டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் விட்டுவிட்டு வந்த இடத்திலிருந்து நகரவே இல்லை. போன் போட்டேன்.

"இன்னும் கிளம்பலியா நீங்க?"

"நீ உள்ள போனதும் போறேன்."

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கோர்ட்டில் வராதது, மீன் குழம்பு பரிமாறும்போது வராதது, ஊருக்காரங்க என்றபோதுகூட வராதது அந்த இடத்தில் மொத்தமாக வந்தது. அடப்பாவி மனுஷா, ஊருக்காரிக்காக நிற்கிற இடத்தில் பெண்டாட்டிக்காக நிற்கக்கூடாதா? கூட்டத்தில் நிற்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோனது.

"இத்தனை வருஷம் எங்கங்க போச்சு இந்தக் காலு?" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அன்னைக்குக் காலையில நீங்க இங்க நின்னிருந்தா, மனசு மாறிடுச்சுன்னு சொல்லியிருப்பேன் நான். ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தேன். தூணுக்குப் பின்னால கூடப் போய்ப் பாத்தேன். தெரியுமா உங்களுக்கு?"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டோக்கனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்.

"வண்டி உள்ளதான் நிக்குது. எனக்கு அவசரம் இல்ல. நீ மெதுவாப் போ."

போனை வைத்துவிட்டு, அழுதுகொண்டே சோதனை வரிசையில் போய் நின்றேன். கைப்பையைத் தட்டில் வைக்கச் சொன்ன பெண், "உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்தேன்.