அக்கரை மாப்பிள்ளை

பினாங்கில் அக்கரை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. படகுத்துறையில் பிழைப்பவர்களுக்கு அது நேர் எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊர். வானம் தெளிந்திருந்தால் அங்கே ரயில் கக்கும் புகை இங்கிருந்தே தெரியும். கப்பலில் வந்த எங்கள் குடும்பங்களுக்கோ அது இந்தியா. இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்துச் சம்பளமும் வாங்கிய நான்தான் இரண்டையும் குழப்பிக்கொண்ட புத்திசாலி.

அப்போது சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். சுவரில் இந்தியப் படம் ஒன்று தொங்கும். பிரம்பும் கையுமாக அதன் முன்னால் நின்றுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. கங்கைச் சமவெளியில் கோதுமை, வங்காளத்தில் சணல், தக்காணத்துக் கரிசலில் பருத்தி, மலையாளக் கரையில் மிளகு என்று, என்னவோ நானே விதைத்துவிட்டு வந்தவன் மாதிரி அளப்பேன். கப்பலிலிருந்து புதிதாக இறங்கியவர் யாராவது காப்பிக் கடையில் உட்கார்ந்து, ஊரில் மழையே இல்லை என்று அலுத்துக்கொண்டால் போதும். "உங்க ஊரு மலைக்கு இந்தாண்ட இருக்கு. மேகமெல்லாம் அந்தாண்டயே கொட்டித் தீத்துடும்" என்று அவருடைய ஊரை அவருக்கே விளக்குவேன். பாவம், டீயை ஆற்றிக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். அந்த மண்ணை நான் ஒரு நாளும் மிதித்ததில்லை. அந்தக் குறைதான் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. வாயாலேயே உழுது தள்ளிய அந்த நாட்டை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை எனக்கு இருக்கவில்லை.

ஒரு நாள் வாப்பா சம்பந்தம் பேசிவிட்டு வந்தார். "பொண்ணு வூட்டுக்காரங்க அக்கரையில அரிசிக் கடை வச்சிருக்காங்க. நிக்காஹ் இங்க, தங்கறது அங்க" என்றார். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் வாழ வேண்டும். எந்த அக்கரை என்று நான் கேட்கவில்லை. வாப்பாவுக்கு முன்னால் கல்யாணப் பேச்சில் வாயைத் திறக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. மேலும், கேட்க என்ன இருக்கிறது? உள்ளுக்குள் அப்போதே கப்பலில் ஏறிவிட்டேன்.

வேலையை விட்டேன். கம்பளிக் கோட்டு ஒன்று தைத்தேன். உம்மா அதைத் தடவிப் பார்த்து, "அக்கரையில அவ்வளவு குளிரா மவனே?" என்றார். "வடக்கே போனா இருக்கும் உம்மா" என்றேன். வடக்கே என்றால் பிறைக்கு வடக்கே இருக்கும் தாசேக் கெலுகோர் ரப்பர்த் தோட்டம் என்று உம்மா நினைத்துக்கொண்டதும், அங்கே எதற்குக் கோட்டு என்று குழம்பியதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கல்யாணம் முடிந்து புறப்பட்ட அன்று, பள்ளிக்கூடமே துறைக்குத் திரண்டு வந்தது. தலைமை ஆசிரியர் மாலை போட்டு, இமயம் முதல் குமரி வரை ஒரு பிரசங்கம் செய்தார். பிறைக்குப் போகிற மருமகனுக்கு இத்தனை மரியாதையா என்று என் மாமனார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன்.

நீராவிப் படகு கிளம்பியது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. அதுவரைக்கும் படகில் போய்த்தான் ஏற வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் படகு கப்பலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"மாமா, கப்ப அங்க நிக்கிதே."

"ஆமா மாப்ளே. நாகப்பட்டணம் போற கப்ப."

"நாம ஏற வேணாமா?"

"நமக்கு அதுல என்னா வேலை? பிறையில எறங்கினா சோறு தயாரா இருக்கும்லா."

உச்சி வெயிலில், கம்பளிக் கோட்டும் கழுத்தில் மாலையுமாகப் பிறையில் இறங்கினேன். மாமனாரிடம் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். இருமல் வரும் மட்டும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நல்ல மனுசர். "ஆசப்பட்டுட்டீங்க. அடுத்த கப்பல்ல போய்ப் பாத்துட்டு வாங்க மாப்ளே. செலவு என்னோடது" என்றார்.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ வகுப்புச் சுவரில் தொங்கும் படம்தான் ஞாபகம் வந்தது. படத்தில் இமயத்திலிருந்து குமரிக்கு ஒன்றரைச் சாண். நிஜத்தில் எத்தனை ரயில், எத்தனை பாஷை, எத்தனை முகம். நான் சொல்லிக்கொடுத்த மாதிரி அது இல்லாமல் போனால்? நீ எந்த ஊர் என்று அங்கே ஒருவன் கேட்டால் என்ன சொல்வேன்? பயம். வேறொன்றும் இல்லை. "இப்ப சோழமண்டலக் கரையில புயல் காலம் மாமா. போகட்டும்" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தினமும் படகேறிப் போனேன். "என்னா வாத்தியாரே, கங்கையில தண்ணி எப்படி?" என்று டிக்கெட் கிழிப்பவன்கூடக் கேட்டான். அதைச் சகித்துக்கொண்டேன். மாமனார் கப்பலை நினைவூட்டும்போதெல்லாம்தான் பாடு. ஒரு தடவை வடக்கே அனல்காற்று என்றேன். இன்னொரு தடவை மலையாளக் கரையில் பெருமழை, பஞ்சாபில் உறைபனி. பெரிய நாடு பாருங்கள், எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு மூலை கைகொடுத்தது. கடைசியில் அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

என் மனைவி அதிகம் பேசாதவள். ஒரு தை மாதம், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த நாட்டுல நல்ல மாசமே கெடையாதா?"

"ஏன் கேக்குற?"

"கல்யாணம் பேசினப்ப, மாப்ள இந்தியா பூரா கரைச்சுக் குடிச்சவருன்னு சொன்னாங்க. நான் இந்தக் கரையையும் பினாங்கையும் தவிர எதையும் பாத்ததில்ல. நீங்க கூட்டிட்டுப் போவீங்கன்னுதான் சரின்னு சொன்னேன்."

தை மாதத்தில் அங்கே தெற்கெல்லாம் மழை விட்டு, வெயிலும் ஏறாமல், அறுவடையும் முடிகிற நேரம். எனக்குத் தெரியாதா? அந்த வாரம்தான் வகுப்பில் அதை நடத்தியிருந்தேன்.

"இன்ஷா அல்லா, அடுத்த வருசம் பாப்போம்" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு அரிசியைக் களைய எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.