பாவாவின் மருந்துக்குத் தீர்வை

பினாங்கில் கப்பலை விட்டு இறங்குகிறவனிடம் மூட்டையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சாராயமும் புகையிலையும் இல்லையென்றால் நேரே தெருவுக்குப் போய்விடலாம். அந்தத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இன்னும் அது முழுதாகப் பழகவில்லை. பெட்டியோடு வெளியே வரும்போதெல்லாம், யாரோ பின்னாலிருந்து கூப்பிடப் போகிறார்கள் என்று கழுத்து தானாகத் திரும்பும். நம் நாட்டில் வளர்ந்த கழுத்து அப்படித்தான் இருக்கும்.

வேறு தேசங்களுக்குப் போகும் சரக்குக்குக் காகிதம் தயாரிப்பதே என் உத்தியோகம். எந்தச் சாமானுக்கு எந்தத் துறைமுகத்தில் என்ன தீர்வை, எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். இந்தப் பெருமையோடுதான் திருத்தணியிலிருக்கும் என் பாவாவுக்கு, அதாவது அக்காள் புருஷனுக்கு, மருந்து அனுப்பப் புறப்பட்டேன்.

பாவா ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். க்ஷயரோகம் வந்து, கடையை மூடிவிட்டுப் படுத்திருந்தார். யுத்தத்துக்குப் பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் என்று புது ஊசி மருந்து வந்திருக்கிறது, அது கிடைத்தால் பிழைத்துக்கொள்வார், மெட்ராசில் எங்கே கேட்டாலும் கையை விரிக்கிறார்கள் என்று அக்காள் எழுதியிருந்தாள். பினாங்கில் ஒரு சீனர் அதை அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். இத்தனை குப்பிகள் யாருக்கு என்று கேட்டார். இந்தியாவிலிருக்கும் உறவினருக்கு என்றேன். அவருக்குக் கடை இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். சைக்கிள் கடை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் என்னை மருந்து வியாபாரி என்று தீர்மானித்து மொத்த விலைக்குப் பில் போட்டுவிட்டார். நான் அதைத் திருத்தவில்லை. விலை நியாயமாக இருந்தது.

பழைய துணி என்று எழுதிப் பார்சல் போட்டால் அங்கே தொந்தரவு இருக்காது என்று பக்கத்து வீட்டு நண்பர் யோசனை சொன்னார். அவரை நான் பார்த்த பார்வையில் மனிதர் வீட்டுக்குப் போய்விட்டார். உள்ளதை உள்ளபடி எழுதி, முழு விலைக்கும் இன்ஷ்யூர் செய்து, அனுப்பிவிட்டேன். தீர்வை பெறுபவர் பொறுப்பு. விதி அப்படி. விதி முடிகிற இடத்தில் என் புத்தியும் முடிந்துவிடும். கூடவே ஒரு மணியார்டர் அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கு வர எனக்குக் கப்பல் அடுத்த மாதம்தான். நான் போய்ச் சேரும்போது பாவா பாதி தேறியிருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது அவர் தேறவில்லை. கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். அக்காள் கறிச்சோறு போட்டாள், பினாங்கில் மழை உண்டா என்று கேட்டாள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். மருந்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மாலையில் காபி குடிக்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பினாங்குல மருந்துக்கடை வச்சிகீறீங்களாமே? பாவாவுக்கே வி.பி.ல அனுப்பிக்கீறீங்கன்னு போஸ்ட்மேன் சொன்னாரு. அப்படித்தாங்க இருக்கணும். சொந்தம் வேற, வியாபாரம் வேற."

கேலி இல்லை. மனதாரப் பாராட்டினார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வெளியூரிலிருக்கிறவர்களுக்கு இது மறந்திருக்கலாம். கல்கத்தாவிலிருந்து கைக்கடிகாரமோ டார்ச் விளக்கோ வி.பி.யில் வரவழைத்தால், விலையைப் போஸ்ட்மேன் கையில் கட்டிய பிறகுதான் பார்சல் நம் கைக்கு வரும். அந்தப் பணம் அனுப்பியவனுக்குப் போய்ச் சேரும். நம் ஊரில் போஸ்ட்மேன் பார்சலோடு வந்து பணம் கேட்டால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. தீர்வை என்ற ஒன்று தபாலில் வரும் என்று அங்கே யாருக்குத் தெரியும்? தெரிந்த ஒரே ஆளான நான் பினாங்கில் உட்கார்ந்து படிவம் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பி, "மருந்து எங்கக்கா?" என்று கேட்டேன்.

"போஸ்டாபீஸ்லயே கீது நைனா." அக்காள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்த வாரத்தோட கெடு முடியுதாம். அப்புறம் உனுக்கே திரும்பி வந்துடுமாம். உனுக்கு நஷ்டம் வராது."

"தப்பா நெனைக்காத மச்சான்," என்றார் பாவா. "கைமுதல் போட்டவன் வாங்கிக்கத்தான் வேணும். எங்களால முடியல, அவ்ளோதான்."

"அது விலை இல்லீங்க பாவா. சர்க்காருக்குக் கட்ற தீர்வை."

"வியாதிக்காரன் மருந்துக்கு சர்க்கார் இன்னாத்துக்கு வரி கேக்குது?"

விதியின் எண்ணைச் சொன்னேன். அவர் கேட்டது அதை இல்லை.

"உங்க ஊர்ல கேக்கறாங்களா?"

"இல்லீங்க."

"அந்த ஊர்ல கேக்கலியாம், நம்ம ஊர்ல கேக்குதாம். சொதந்தரம் வந்த அன்னிக்குக் கடையில கீற சைக்கிளுக்கெல்லாம் கொடி கட்னேனே, ஞாபகம் கீதா?" என்று அக்காளிடம் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அவள் முதுகைத் தடவிக் கொடுக்கும் வரை நிற்கவில்லை.

அவர்கள் கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைப் பற்றி அப்படி ஒரு செய்தி வந்ததும் எளிதாக நம்பியிருந்தார்கள். அதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. அத்தனை வருடங்களில் நான் அந்த வீட்டுக்கு அனுப்பியதில் காலண்டர்களும் யோசனைகளும்தான் அதிகம்.

நானே பணம் கட்டி வாங்கி வருகிறேன், ஓர் அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றேன். பெயருக்கு வந்த பார்சலை அந்தப் பெயர்க்காரரோ அவர் எழுதிக் கொடுத்தவரோதான் வாங்க முடியும். பாவா மாட்டேன் என்றுவிட்டார். "அக்கா கெஞ்சினா, தம்பி ஓசில உட்டான்னு ஊரு பேசும்" என்றார். நானும் பொறுமை இழந்தேன்.

"ஊரு இப்ப மட்டும் பேசலீங்களா? காபிக்கடையில என்னை வியாபாரின்னு சொல்றாங்க. பாவாகிட்டயே காசு பாக்கறேன்னு..."

பாவா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "உன்னையா? எவன் சொன்னான்?" பிறகு அக்காளிடம், "விடிஞ்சதும் ஜட்காவுக்குச் சொல்லு. என் சட்டைய எடுத்து வை" என்றார்.

தன் உயிருக்காக ஒரு வாரமாய் எழுந்திருக்காத மனிதர். சாகக் கிடப்பவரிடம் போய் என் பேர் கெட்ட கதையைச் சொல்லி அழுதவன் நான்.

மறுநாள் போஸ்டாபீசில் கூட்டமிருந்தது. ஒரு கையால் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாவா கையெழுத்துப் போட்டார். நான் பணத்தை நீட்டினேன். அவர் என் கையைத் தடுத்துக் குமாஸ்தாவைக் கேட்டார்.

"சார், இந்தப் பணம் யாருக்குப் போவுது?"

"சர்க்காருக்கு. கஸ்டம்ஸ் தீர்வை."

"இவருக்குப் போவாதா?"

"அவருக்கு ஒரு காசு போவாதுங்க."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். எனக்குக் காது மந்தம்."

பாவாவுக்குக் காது மந்தமில்லை. குமாஸ்தா உரக்கச் சொன்னார். மணியார்டருக்கு நின்றவர்களும் கார்டு வாங்க வந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஓரத்தில் தபால் பிரித்துக்கொண்டிருந்த போஸ்ட்மேனும் பார்த்தார். "ஆங், இப்ப கேட்டுது" என்று சொல்லிவிட்டு, பாவா என் கையை விட்டார். நான் பணத்தைக் கட்டினேன். நான் அவருக்கு உறவுதான் என்பதற்கு ஒரு சர்க்கார் குமாஸ்தா சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. முத்திரை இல்லாமல் எதையும் நம்பாதவனுக்கு இது பொருத்தமான மரியாதைதான். தலையை மட்டும் நிமிர்த்த முடியவில்லை.

ஜட்காவில் பார்சலை அவர் மடியில் வைத்துக்கொண்டார். வண்டிக்காரர் என் கோட்டையும் பார்சல் மேலிருந்த மலாய் தேசத்து ஸ்டாம்புகளையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஐயாவ ஸ்டேஷன்ல உட்டுட்டு வூட்டுக்குப் போலாங்களா?"

பாவா மூச்சு சமப்படும் வரை காத்திருந்தார். "மொதல்ல டாக்டர் வூட்டுக்கு ஓட்டு. ஊசி போட்டுகினு வரலாம். அப்புறம் ஐயா எங்க எறங்கணும்னு அவரே சொல்வாரு."

குதிரை நகர்ந்தது. அந்த வீட்டில்தான் இறங்குவேன் என்று சொல்ல எனக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று டாக்டர் வீடு வருகிற வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன்.