மாஸ்டர் கொடுத்த நட்டஈடு

இன்று கல்முனை பஸ்ஸில் இரண்டு இளைஞர்கள், மோட்டார் சைக்கிள் மோதிக் காயப்பட்ட கூட்டாளிக்கு எவ்வளவு நட்டஈடு கேட்கலாம் என்று கதைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் வாப்பா சாய்ந்தமருதில் மீன் வாங்கி, சைக்கிளில் சம்மாந்துறைக்குக் கொண்டுபோய் விற்பார். ஒருநாள் கல்முனைப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் மோதி, வாப்பாவின் கால் உடைந்தது.

"வழக்குப் போடுங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள்.

மாஸ்டரே வீட்டுக்கு வந்தார். "என்ன நட்டஈடு வேணுமெண்டாலும் கேளுங்க காக்கா" என்றார்.

வாப்பா எங்களை ஒருமுறை பார்த்தார். "கால் சுகமாகும் மட்டும் என்ட மீன நீங்க வித்துத் தாங்க மாஸ்டர். ஊட்டுல அடுப்பு எரியணும்."

"ஓம்" என்றார் மாஸ்டர்.

விடியற்காலையில் மீன் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். விற்று முடித்து, மீன் வாடை போகக் குளித்துவிட்டு, வெள்ளைக் கால்சட்டையோடு பள்ளிக்கூடம் போவார். நாங்கள் ஒருநாளும் பட்டினி கிடக்கவில்லை.

கால் சுகமாகி வாப்பா மறுபடி சம்மாந்துறைக்குப் போனபோது, பெண்கள் கேட்டார்களாம்: "மாஸ்டர் வரல்லையா? அவருக்கு வெல பேசவே தெரியா, நல்ல மனிசன்."

அதன்பிறகு ஒவ்வொரு பெருநாளும் மாஸ்டருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மீன் கறியை மட்டும் தொடவே மாட்டார். ஏன் என்று நீங்களே சொல்லுங்கள்.