கீழே நிற்பவள்

மருத்துவமனையில் அவளுக்குக் கிரேன் என்று பெயர். மூன்றாம் மாடி ஆண்கள் வார்டில் உதவியாளர் வேலை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து ஸ்ட்ரெச்சருக்குமாக நாளுக்கு இருபது பேரையாவது தூக்கி மாற்றுவாள்.

"ரெண்டு பேரா தூக்கணும்னு சுவத்துலயே ஒட்டியிருக்கு, கண்ணு தெரியலையா?" என்று நர்ஸ் சத்தம் போடுவாள்.

"அந்த ரெண்டாவது ஆளும் நான்தான் சிஸ்டர்."

வேலை முடிந்ததும் அதே கைகள் அண்ணன் மகளைத் தூக்கின. அக்ரோபாட்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்கள் ஜோடி என்றால் ஒருத்தி கீழே நிற்பாள், ஒருத்தி அவள்மேல் நிற்பாள். இருபத்தெட்டு வயது அத்தை கீழே. பதினாறு வயது அண்ணன் மகள் மேலே. போன வருடம்வரை ஜூனியர் பிரிவில் வேறொரு பெண்ணோடு ஆடியவள், இந்த வருடம்தான் அத்தையோடு சீனியருக்கு வந்திருந்தாள். முதல் சர்வதேசப் போட்டி.

இதில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. மேலே இருப்பவள் கட்டை மாதிரி விறைத்து இருக்க வேண்டும். ஆட்டத்தைச் சரிசெய்வது முழுக்கக் கீழே நிற்பவளின் பொறுப்பு. மேலே இருப்பவளும் சரிசெய்யப் போனால் இரண்டு திருத்தங்கள் ஒன்றோடொன்று மோதும். ஆள் தலைகுப்புற விழுவாள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வார்டுக் குளியலறையில் வழுக்கிய ஒரு பெரியவரைக் கிரேன் வலக்கையால் எட்டிப் பிடித்தாள். அவர் விழவில்லை. இவள் தோளுக்குள் ஏதோ கிழிந்தது. பிசியோதெரபிஸ்ட் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசத்துக்குத் தலைக்கு மேல கையைத் தூக்கக் கூடாது" என்றார்.

"சார், தலைக்கு மேலதான் என் பொழைப்பே இருக்கு."

அவர் சிரிக்கவில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாள். தோள் சரியில்லை என்று தெரிந்தால் பிள்ளை பயப்படும், பயந்தால் அசையும், அசைந்தால் விழும். தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பதினைந்து வயதில் ஆடத் தொடங்கி இத்தனை வருடம் காத்திருந்த போட்டி இது என்பதை அந்த நியாயத்தில் அவள் சேர்த்துக்கொள்ளவில்லை.

தகுதிச் சுற்றில் நான்காவது இடம். கிரேனின் உயர்த்திய வலது உள்ளங்கையில் அண்ணன் மகள் ஒற்றைக் கையில் தலைகீழாக நின்றாள். மூன்று வினாடி. கை தாங்கிவிட்டது என்று அன்று முழுக்கக் கிரேனுக்குக் கால் தரையில் படவில்லை.

இறுதிச் சுற்று நாளன்று காலை பயிற்சிக் கூடத்தில் கூட்டம். ஒரு பக்கம் சீனியர்கள், மறுபக்கம் ஜூனியர்கள். நான்கைந்து மொழிகளில் பயிற்சியாளர்கள் வினாடி எண்ணிக்கொண்டிருந்தார்கள். கிரேன் கையை உயர்த்தினாள். அண்ணன் மகள் ஏறி நின்றாள். இரண்டாவது வினாடியில் உள்ளங்கையில் ஓர் அழுத்தம். மேலிருந்த விரல்கள் அழுத்தின, விட்டன, மறுபடி அழுத்தின.

கிரேன் அவளைக் கீழே இறக்கினாள்.

"மேலே என்னடி பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலையே."

"பொய் சொல்லாதே. விரலால தள்றே."

அண்ணன் மகள் தன் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி மறுபடி சுற்றினாள். "உன் தோள் ஆடுது அத்தை. மூணு வாரமா ஆடுது. நான் கொஞ்சம் கொஞ்சமா சரிபண்ணிக்கறேன்."

"முந்தாநாள் தகுதிச் சுற்றுலயும்?"

"முந்தாநாளும்தான். நீ மட்டுமா ஆடாம தாங்கினேன்னு நெனச்சே?"



"விழுந்திருந்தா கழுத்து முறிஞ்சிருக்கும்டி."

"விழலையே. இன்னும் ஒரே ஒரு தடவை. நான் பாத்துக்கறேன். சொன்னா நீ நிறுத்திடுவேன்னுதான் சொல்லலை."

"அதையேதான் நானும் பண்ணியிருக்கேன்," என்றாள் கிரேன்.

ஒவ்வொரு ஜோடியும் தான் செய்யப்போகும் நிலைகளை வரிசையாகக் குச்சி மனிதர்களாக வரைந்து நடுவர்களிடம் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தாளை மாற்ற பதினொரு மணிவரை நேரம் இருந்தது. கிரேன் தங்கள் பயிற்சியாளரான மாஸ்டரிடம் போனாள்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார். "தோள் போனது வேற, நீ மறைச்சது வேற. தோளுக்கு நான் வருத்தப்படறேன்," என்றார். பிறகு பேனாவை எடுத்து மூன்று நிலைகளை அடித்தார். ஒற்றைக் கை நிலை இருந்த இடத்தில், படுத்திருக்கும் ஒரு குச்சி மனுஷியையும் அவளுடைய இரண்டு கைகள்மேல் தலைகீழாக இன்னொருத்தியையும் வரைந்தார்.

அண்ணன் மகள் எட்டிப் பார்த்தாள். "இதை ஜூனியர்ல பன்னெண்டு வயசுப் பிள்ளைங்க பண்ணும் மாஸ்டர்! எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ நடந்து வீட்டுக்குப் போவே."

மதியம் ஆடினார்கள். யாரும் சிரிக்கவில்லை, கைதட்டினார்கள், மரியாதைக்குக் கைதட்டுவார்களே, அப்படி. எட்டு ஜோடிகளில் எட்டாவது இடம். வணக்கம் சொல்லும்போது அண்ணன் மகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அரங்கைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து கிரேன் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"என்னம்மா, எத்தனையாவது?" என்று உற்சாகமாகக் கேட்டார் அண்ணன்.

"எட்டு. அதை விடுங்கண்ணா. வேற ஒண்ணு சொல்லணும்."

தோள், பிசியோதெரபிஸ்ட், மூன்று வாரம் என்று எதையும் விடாமல் சொன்னாள். விரல் அழுத்தியதையும் சொன்னாள். மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

"என் பொண்ணைத் தூக்கற கை நல்லா இல்லேன்னு உனக்குத் தெரியும்," என்றார் அண்ணன்.

"தெரியும்ணா."

"தெரிஞ்சே தூக்கினே."

"ஆமா."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். "அவகிட்ட குடு" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் மகள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "விழலைப்பா," என்றாள். நீண்ட நேரம் கேட்டாள். "அத்தை மட்டும் இல்லப்பா, நானும்தான்" என்று தொடங்கியவளை அவர் முடிக்கவிடவில்லை போலிருக்கிறது. கடைசியில், "சரிப்பா. சரி. இனிமே ஏற மாட்டேன்" என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பைகளும் தரையில் கிடந்தன. கிரேன் குனிவதற்கு முன்பே அவள் இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்து நிற்கும் வாசலை நோக்கி முன்னால் நடந்தாள்.