புனைந்தது எந்த வரி?

“அக்கா, நீங்கள் புனைஞ்சு எழுதிப்போட்டியள். அப்பாவின்ரை மலரிலை உண்மைதான் வரவேணும்.”

ரூபன் கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் கத்தியபோது நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். செத்தவர்களைப் பற்றி எழுதிக் கொடுக்கும் இந்த வேலையில் செத்தவர்களால் ஒரு தொல்லையும் இல்லை, இருக்கிறவர்களால்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க எங்கள் பக்கத்தில் நினைவு மலர் அச்சடிப்பார்கள். இணுவிலில் ஒருவருக்கு எழுதிக் கொடுக்கப் போய், இப்போது புத்தூரிலிருந்தும் தேடி வருகிறார்கள். கொன்வென்ற்றில் படித்தவள், பிழையில்லாமல் எழுதுவாள் என்று பெயர். பிழையில்லாமல் பொய் எழுதுவது எவ்வளவு பாடு என்று, என்னைப்போல் அகப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ரூபன் தன் தகப்பனின் மலரில் புனைவு என்றது ஒரேயொரு வரியை: ‘கடைசி ஆறு வருடங்களும் படுக்கையில் இருந்தவரை மகள் வதனி தனியே பராமரித்தார்.’

“உந்த வரியை வெட்டுங்கோ. பிள்ளையள் மூண்டு பேரும்தான் பாத்தனாங்கள்.”

அகராதி

கோபம் வந்தால் நான் அகராதி பார்ப்பேன். பாத்திரம் உடைப்பதைவிட அது நல்லது. புனைதல் என்றால் சூடுதல், அலங்கரித்தல், மாலை தொடுத்தல், சித்திரம் எழுதுதல், செய்யுள் இயற்றுதல். எல்லாம் முடிந்த பிறகு, இல்லாததைக் கற்பித்துச் சொல்லுதல். எது முந்தி வந்ததென்று அந்த அகராதியில் இல்லை. பூத்தான் முந்தியிருக்கும் என்பது என் எண்ணம். பூ தொடுக்கிற சொல் பொய்க்கு எப்படி வந்தது என்று என் மனிசனைக் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

“பூ காணாட்டில் இடையிலை இலை வைச்சுக் கட்டுறேல்லையோ, அப்பிடித்தான்.”

சமூக சேவையாளர்

மலருக்கு வேண்டிய விபரங்களை முதலில் அனுப்பியதும் ரூபன்தான். ‘சமூக சேவையாளர், கல்விமான், இன்சொல்லர்.’ அவரின் தகப்பன் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். மாவுக்கு வரிசையில் நின்ற சனத்தை அவர் ஏசிய ஏச்சு சந்தி வரை கேட்கும். நானும் நின்று வாங்கியிருக்கிறேன், மாவும் ஏச்சும். இன்சொல்லர் என்பதையாவது எடுப்போமா என்று கேட்டேன்.

“எல்லாற்றை மலரிலையும் இருக்குதக்கா. அப்பாவின்ரையிலை மட்டும் இல்லாட்டில் சனம் என்ன நினைக்கும்?”

எடுக்கவில்லை.

வதனி கேட்டது

எழுதத் தொடங்க முந்தி, மலருக்குப் படம் வாங்க அவர்களின் வீட்டுக்குப் போனபோது வதனி கிணற்றடியில் தகப்பனின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கரவெட்டியில் கிடைத்த படிப்பிக்கிற வேலையை இவருக்காக விட்டவள். அப்பாவைப் பற்றிச் சொல்லு என்றேன். தேத்தண்ணி சூடில்லை என்று கோப்பையால் எறிவாராம். இரவில் மூன்று தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டுமாம். அண்ணன்மார் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் கோல் எடுப்பார்களாம். சொல்லிவிட்டு, அதொன்றும் எழுத வேண்டாம் என்றாள்.

“நான் பாத்தனான் எண்டு மட்டும் ஒரு வரி போடுங்கோ அக்கா. ‘நீ என்ன செய்தனீ’ எண்டு நாளைக்கு ஆரும் கேட்டால் காட்டலாம்.”

அந்த வரிதான் இந்த வரி.

அச்சகம்

நான் வெட்ட மாட்டேன் என்றதும் ரூபன் நேரே அச்சகத்துக்குக் கதைத்துவிட்டார். கடைசியாகச் சரிபார்க்க வந்த பக்கத்தில் வதனியின் வரி இல்லை. அந்த இடத்தில் ‘பிள்ளைகள் மூவரும் கண்ணுங் கருத்துமாகப் பராமரித்தனர்’ என்று இருந்தது. அச்சகத்துக்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

“ஓமக்கா, அவர் மாத்தச் சொன்னவர். ‘கண்ணுங் கருத்தும்’ சரியோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ.”

சரி என்று சொன்னேன். வதனிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள்

அண்ணன்மார் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பந்தலுக்குள் ஆளுக்கொரு மலர். பக்கத்திலிருந்த பெரியவருக்கு ரூபன் கண்ணுங் கருத்தும் உள்ள வரியை விரல் வைத்து வாசித்துக் காட்டினார். பெரியவர் தலையாட்டினார். நான் பிழை தேடிக்கொண்டிருந்தேன். இத்தனை மலர் எழுதியதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் வந்தது இதுதான்.

பின்பக்கத்திலிருந்து வதனி இரண்டாம் தரமும் கூப்பிட்டாள்.

“சோத்துக் கிடாரம் இறக்கவேணும். ஆராவது ஒருக்கா வந்து ஒரு பக்கம் பிடியுங்கோ.”