போதகர் பாடிய கடைசிப் பாட்டு

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும்போது அவன் குரல் பாதிப் பேருக்குக் காதில் விழாது. "இந்த லென்ஸ் தெளிவா இருக்கா, அதுவா?" என்று அவன் கேட்டால், வாடிக்கையாளர் காதைக் கொண்டுவந்து அவன் வாயருகே வைக்கவேண்டும். அப்படிப்பட்ட பரம சாது, வாரம் ஒரு மாலை மட்டும் சபையின் பின்கூடத்தில் கழுத்து நரம்பு புடைக்க ஆண்டவரைப் புகழ்ந்து அலறுவான். அவனும் மூன்று நண்பர்களும் நடத்துவது மெட்டல்கோர் என்னும் அலறல் வகை ராக் பாடும் கிறிஸ்தவ இசைக்குழு. அதில் அவனுக்குத் தொண்டை என்று பெயர்.

முதல் ஆல்பத்தில் ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரியவில்லை. அதனால் சபையாரால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. விமர்சகர்களும் எதற்கு வம்பு என்று, ஆழமான வரிகள் என்றே எழுதிவைத்தார்கள்.

அந்தப் பாராட்டு தொண்டைக்கு ஒட்டவில்லை. பின்கூடத்தை இலவசமாகத் தந்த போதகர் அவனுடைய மாமனார். பயிற்சி தொடங்கியதும் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். இரண்டாவது ஆல்பத்தில் ஆறாவது பாட்டை மட்டுமாவது அவர் கேட்கவேண்டும் என்று இவன் தவியாய்த் தவித்தான். பிறந்த அன்றே போய்விட்ட தன் பெண்குழந்தையைப் பற்றிய பாட்டு அது. அடக்கத்தின்போது மாமனார் குரல் நடுங்காமல் ஜெபித்தார். வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் எடுக்காததால் வீட்டில் வேறு யாரும் எடுக்கவில்லை.

ஒலிப்பதிவு நாளன்று, எந்தக் காரியத்தையும் ஜெபிக்காமல் தொடங்கக் கூடாது என்று மாமனாரை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கேதான் வினை. மைக்கைப் பார்த்ததும் மனிதருக்கு ஊக்கம் பிறந்துவிட்டது. உலகத்தின் நோயாளிகள், பிரயாணிகள், கடைசியில் ஸ்டுடியோவின் மின்சார இணைப்பு வரை எல்லாவற்றுக்காகவும் மன்றாடினார். எல்லோரும் பயபக்தியோடு கண்ணை மூடியிருந்தார்கள். ஒலிப்பதிவாளரும் மூடியிருந்தார். அதனால் பதிவு ஓடிக்கொண்டிருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை. ஆமென் சொன்னபோது வாடகை நேரத்தில் ஒரு பாட்டுக்கான பங்கு கரைந்திருந்தது.

"கடைசிப் பாட்டு போச்சு," என்றான் தொண்டை.

"அதான் பதிவாயிருக்கே. அதையே கடைசில போட்டுடலாம்," என்றார் டிரம்மர். எதற்கும் அவர் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

ஆல்பம் வெளிவந்தது. மெட்டல் பத்திரிகை இப்படி எழுதியது: "முதல் ஆல்பத்தில் நரகத்தின் வாசலில் நின்று கத்தியவர்கள், இப்போது வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள்." சபைப் பத்திரிகை அன்போடு எழுதியது: "சகோதரர்களின் நோக்கம் நல்லது. ஒலியை அணைத்துவிட்டு நோக்கத்தை மட்டும் தியானிக்கலாம்." ஜென்மப் பகையான இரண்டும் ஒரு விஷயத்தில் கைகோத்துக்கொண்டன. கடைசிப் பாட்டு அற்புதம். கருவிகளே இல்லாமல், நிறுத்தும் உத்தேசமே இல்லாத ஒரு முதியவரின் குரல். இத்தனை துணிச்சலான இசை அண்மையில் வந்ததில்லையாம்.

மாமனார் இரண்டு விமர்சனங்களையும் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பார்ப்பவர்களிடமெல்லாம், "நான் சும்மா மனசுல பட்டதச் சொன்னேன்," என்று அடக்கமாக ஆரம்பித்து, அடக்கத்தை முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். தொண்டைக்கு வயிறு எரிந்தது. குரல்வளை கிழியக் கத்தியவன் அவன், பெயர் வாங்கியவர் அவர்.

ஒருநாள் மாலை, தன் குரலைத் தானே கேட்கவேண்டும் என்று மாமனார் இசைத்தட்டைக் கேட்டு வாங்கித் தன் அறைக்குப் போனார். அவருக்கு எதையும் நடுவில் தொடங்கிப் பழக்கமில்லை. வேதத்தில் வம்ச வரலாறுகளைக்கூட ஒரு பெயர் விடாமல் வாசிப்பவர். எனவே முதல் பாட்டிலிருந்தே போட்டார். அறைக்கதவு சாத்தியிருந்தது. தொண்டையும் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்த அலறல்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோவதைக் கேட்டார்கள். பிறகு சத்தம் நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது.

தொண்டை கதவைத் தள்ளி எட்டிப்பார்த்தான். "கடைசிப் பாட்டு எப்படி வந்திருக்கு மாமா?"

"அதுவரைக்கும் போகல, மாப்பிள்ளை." மாமனார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "ஆறாவதுலயே நிக்கிறேன். ஒரு வார்த்தையும் புரியல. பாப்பாவப் பத்தினதுதானே?"

"ஆமா மாமா."

"அன்னிக்கு நான் நல்லா ஜெபம் பண்ணேன்னு எல்லாரும் சொன்னாங்க." கண்ணாடியை மடித்தார். "எனக்கு இப்படிக் கத்தணும்போலதான் இருந்துச்சு."

தொண்டையின் மனைவி உள்ளே வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அந்தப் பாட்டையே மறுபடி போட்டார்.

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைம்மா," என்றார்.